ஓடும் வீட்டின் பழுதுகள்: தெல்லிப்பழையில் இருந்து ஒரு பார்வை

வீடு அசையாது என்ற நம்பிக்கையில்தான் எங்கள் மேசன்மாரும் வயரிங் வேலைக்காரரும் குழாய் பொருத்துகிறவர்களும் வேலை செய்கிறார்கள். சுவருக்குள் போன வயர் அங்கேயே கிடக்கும். தாங்கியில் இருந்து இறங்கிய குழாய் முப்பது வருஷம் அதே மூலையில் அப்படியே நிற்கும். அந்த வீட்டைத் தூக்கி ஒரு ஹயேஸ் வானுக்குள் வைத்துக் காங்கேசன்துறை வீதியால் ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்கு அது ஓயாத நிலநடுக்கம். நட் தளரும், வயரின் முனை பச்சை பிடிக்கும், குழாய் தகரத்தோடு உரசும், இறப்பர் வெடிக்கும். கேம்பர் வான் என்ற நகரும் வீட்டின் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்தால் வருபவை. மோட்டாரோ பம்போ பிரிட்ஜோ தானாகப் பழுதாவது குறைவு. ஒன்றோடு ஒன்று சேரும் இடங்கள்தான் முதலில் போகின்றன.

இலங்கையில் இந்த வண்டி பரவத் தொடங்கியது அண்மையில்தான். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் இன்றும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகருக்காக நிற்கும் குளிரூட்டிய வண்டிதான் பலருக்கு நினைவு வரும். கேரளச் சுற்றுலாத்துறை 2021 இல் கேரவன் சுற்றுலாவைக் கொள்கையாகவே அறிவித்தது. இங்கே பயணிகள் வாடகை வானில் ஏ9 வீதியால் ஏறி வந்து கசூரினாக் கடற்கரையிலும் கீரிமலையிலும் பருத்தித்துறை முனையிலும் இரவு தங்குகிறார்கள். கனடாவிலும் சுவிசிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் சிலர் ஊருக்கு வந்து நிற்கும் நாட்களுக்கென்று ஒரு பழைய வானை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் பொருத்துகிறார்கள். பழைய வான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஓடிய வண்டியே திரும்பத் திரும்பக் கைமாறியது. ஆகவே இங்குள்ள கேம்பர் வான் பெரும்பாலும் வயதுபோன டொல்பின் ஹயேஸ் ஒன்று, அல்லது கோஸ்ரர், ரோசா வகைச் சின்ன பஸ். அதற்குள்ளே புத்தம்புதிய சோலார், லிதியம் பற்றரி, இன்வேற்றர். கிழவனுக்கும் குழந்தைக்கும் ஒரே கராஜில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கராஜ் எப்படிப்பட்டது என்பதற்கு எங்கள் பகுதியில் ஒரு தனி வரலாறு உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு எழும்பினார்கள். தெல்லிப்பழையின் ஒரு பகுதியும் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. மின்சாரம் நின்றது. வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், ரோர்ச் பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய் மட்டுமே, அதுவும் அளந்து அளந்து.

ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள் குடாநாட்டில் மறுபிறவி எடுத்தது அப்போதுதான். புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலில் படுத்துவிட்டன. இந்தக் கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பத்திரமாக வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். வெள்ளைப் புகையோடு வண்டி நகரும். இதில் மாயம் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலச் சுலபமாக ஆவியாகாது, ஆனால் சூடான குழாய்க்குள் ஆவியாகும். அழுத்தம் கூடினால் காலம் தப்பித் தானாகப் பற்றி எஞ்சினைத் தட்டும். ஒஸ்ரின் காலத்து எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. இன்றைய பெற்றோல் எஞ்சின்களில் அது பத்தைத் தாண்டும். அதனால்தான் பழசு ஓடியது, புதுசு படுத்தது. இங்கிலாந்தில் பெர்கூசன் ரிஈ20 டிராக்டரின் ஒரு வகை இதே முறையில் பெற்றோலில் தொடங்கி மலிவான டிராக்டர் எண்ணெய்க்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. எங்கள் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி இறைத்த மண்ணெண்ணெய்ப் பம்பும் அதே குடும்பம்தான். தோட்டக்காரனுக்குத் தெரிந்த வித்தையைக் கார்க்காரன் எடுத்துக்கொண்டான் என்று சொன்னாலும் பிழையில்லை.

ரேடியோவின் கதையும் இதுதான். பற்றரி இல்லாத நாட்களில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற் அளவு மாறுதிசை மின். ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின். நடுவே டயோட்டும் கப்பாசிற்றரும் வைத்துச் சமாளித்தார்கள். பாடசாலைப் பையன்களே இதைக் கட்டினார்கள். இன்று கேம்பர் வானில் சார்ஜ் கொன்றோலர் என்று விலை கொடுத்து வாங்கும் பெட்டியும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது: கிடைக்கும் மின்னை, வேண்டிய மின்னாக மாற்றிக் கொடுப்பது.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவில் டிராக்டர் பெட்டிகளும் மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் வீடாகின. வண்டிக்குள் வாழ்வது எங்கள் தலைமுறைக்கு உல்லாசமாகத் தொடங்கிய விஷயம் அல்ல. அதை இங்கே நீட்டப்போவதில்லை. அந்தக் காலம் கையில் விட்டுப்போன திறமையைப் பற்றித்தான் பேச்சு. புதிய சாமான் வாங்க வழியில்லாத ஊரில் மெக்கானிக் சாமானை மாற்ற முடியாது. எங்கே பிழை என்று தேடித்தான் ஆக வேண்டும். இந்தத் தேடும் பழக்கம் கேம்பர் வானுக்கு மிகப் பெரிய சொத்து. ஆனால் அதே காலம் இன்னொரு பழக்கத்தையும் விட்டுப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். கேம்பர் வானில் வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் 12 வோல்ற் பக்கத்தில்தான் வந்து முடிகின்றன என்பது என் கணிப்பு. காரணம் சின்னக் கணக்கில் இருக்கிறது. தண்ணீர்ப் பம்ப் ஓடும்போது 5 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். எங்கோ ஒரு முனையில் பச்சை படிந்து 0.2 ஓம் தடை சேர்ந்தால் அந்த இடத்திலேயே 1 வோல்ற் தொலைந்துவிடும். வீட்டில் 230 வோல்ற்றில் ஒன்று குறைந்தால் ஒருவருக்கும் தெரியாது. 12 இல் ஒன்று குறைந்தால் பம்ப் முனகும். இன்வேற்றர் பக்கம் இன்னும் மோசம். 1000 வாற் கேற்றில் ஒன்றைப் போட்டால் பற்றரியில் இருந்து ஏறக்குறைய 90 அம்பியர் ஓடும். அந்தப் பாதையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் 160 வாற் அளவு சூடு ஒரே போல்ற்றில் இறங்கும். வயரின் தோல் உருகும் மணம் அங்கிருந்துதான் வரும்.

தெல்லிப்பழைச் சந்திப் பக்கம் ஒரு கராஜில் நான் பார்த்த ஒரு வேலை இதைத் தெளிவாகக் காட்டும். வானில் குளிக்கும் பம்ப் மெதுவாக ஓடுகிறது. உரிமையாளர் ஏற்கெனவே பம்பை மாற்றிவிட்டார். புதிய பம்பும் அதே முனகல். அவர் கையில் மல்ற்றிமீற்றர் இருந்தது. பம்பின் இரண்டு வயரையும் கழற்றி அளந்து, 12.6 வோல்ற் வருகிறதே என்று காட்டினார். வயரிங் பார்க்க வந்த பெரியவர் சிரித்தார். “தம்பி, கழட்டிப்போட்டு அளந்தால் எல்லாம் நல்லாத்தான் காட்டும். பூட்டி, ஓட விட்டுப்போட்டு அளவுங்கோ.” மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் கழித்தல் முனையில் வைத்தார். மறுமுனையைப் பம்பின் கறுப்பு வயரில் வைத்தார். பம்ப் ஓடியபோது மீற்றர் ஒரு வோல்ற்றுக்கு மேல் காட்டியது. இரண்டும் ஒரே ஏர்த் என்றால் அங்கே ஏறக்குறைய பூச்சியம் வர வேண்டும். பிறகு கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போய்க் காப்பற்றைத் தூக்கினார். பெயின்ற் அடித்த தகரத்தின் மேல் ஒரு திருகாணி. பெயின்றைச் சுரண்டாமலே முறுக்கியிருக்கிறார்கள். உரைகடதாசியால் தேய்த்து, தகரம் பளபளத்ததும் பூட்டி, மேலே கிறீஸ் பூசினார். பம்ப் பாய்ந்தது. செலவு ஒரு துண்டு உரைகடதாசி. பெரியவர் கூலி கேட்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

இதில் உள்ள பாடம் தொழில்நுட்பப் பாடம். மின் ஓடாத பாதையில் தடை தெரியாது. 0.2 ஓம் தடை அங்கேயே இருந்தாலும், ஓட்டம் இல்லையென்றால் இழப்பும் இல்லை, மீற்றர் முழு வோல்ற்றையும் காட்டும். எனவே பாரம் ஏற்றி அளக்க வேண்டும். பற்றரியில் தொடங்கி பியூஸ், சுவிச், பம்ப், ஏர்த் என்று ஒவ்வொரு சந்தியாகத் தாண்டி அளந்தால் வோல்ற் எங்கே விழுகிறதோ அதுவே பழுது. இந்த ஒரு முறையைப் பழகினால் லைற், விசிறி, பிரிட்ஜ், பின்கண்ணாடி ஹீற்றர் எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

பற்றரிக்கு வந்தால், ஈயப் பற்றரி ஓய்வில் 12.7 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அதிக நாள் கிடந்தால் தகட்டில் சல்பேற் இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கொள்ளாது. இங்கே பற்றரியைக் கொல்வது ஓட்டத்தை விட நிறுத்தம்தான். வெளிநாட்டுக்காரரின் வான் மாமரத்தின் கீழே பதினொரு மாதம் நிற்கும். அலாரமும் ரேடியோவும் சேர்ந்து 50 மில்லியம்பியர் இழுத்தாலே நாளுக்கு 1.2 அம்பியர் மணி. 100 அம்பியர் மணிப் பற்றரி மூன்று மாதத்துக்குள் வெறுமை. உரிமையாளர் ரொறன்ரோவில் இருந்து வந்து இறங்கியதும் வான் ஸ்ராட் ஆகாது. கூரையில் சோலார் இருக்கிறதே என்பார். மாமர நிழலில் சோலார் என்ன செய்யும்? கழற்றும் சுவிச் ஒன்றைப் பற்றரியில் பூட்டிவிட்டுப் போவதுதான் மலிவான வழி. அதோடு ஊரில் உள்ள உறவினர் யாராவது மாதம் ஒருமுறை வந்து எஞ்சினை ஓட்ட வேண்டும். எலி வயரைக் கடித்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

லிதியம் பற்றரி, அதாவது லிதியம் இரும்பு பொஸ்பேற், வேறு விதமான பிராணி. அதன் வோல்ற் நீண்ட நேரம் ஒரே அளவில் நிற்பதால் மீற்றரைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே போனதையும் எண்ணும் கருவி வேண்டும். பழைய ஹயேஸின் ஓல்ற்றனேற்றரில் நேரடியாகப் பூட்டினால் அது கிடைக்கும் மட்டும் இழுக்கும், ஓல்ற்றனேற்றர் காய்ந்து போகும். நடுவே ஓட்டத்தை அடக்கும் சார்ஜர் ஒன்று கட்டாயம். கனடாவில் உள்ளவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு, உறைநிலைக்குக் கீழே இந்தப் பற்றரியை ஏற்றக் கூடாது. எங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. எங்கள் தலையிடி வெயில். எந்தப் பற்றரியானாலும் சூடு ஏற ஏற ஆயுள் தேயும். அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

230 வோல்ற் பற்றி ஒரே வார்த்தை. உறவினர் வீட்டு ஜன்னலால் எக்ஸ்ரென்சன் வயர் இழுத்து வானுக்கு மின் கொடுக்கும் வழக்கம் பரவுகிறது. ஏர்த் இல்லாத வயர், ட்ரிப் சுவிச் இல்லாத வான், மாரி மழையில் நனைந்த மண், வெறுங்கால். இவை நான்கும் சேரக் கூடாது.

தண்ணீரில் தெல்லிப்பழை தனித்த இடம். வலிகாமம் சுண்ணாம்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு இறங்குகிறது. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவதும் அந்தக் கல்லின் வெடிப்புகளால்தான். எங்கள் கேற்றிலின் அடியில் வெள்ளைக் கல் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேம்பர் வானின் சுடுநீர்ப் பெட்டிக்குள்ளும் அதுதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். சூடு கூடக் கூடப் படிவும் கூடும். முதலில் தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும். பிறகு ஹீற்றர் கம்பி எரிந்துபோகும். தெற்கில் இருந்து வரும் வாடகை வான் இரண்டு கிழமை இங்கே கிணற்று நீரை ஏற்றினால் குழாயின் வலையிலும் சவரின் துளைகளிலும் அடையாளம் தெரியும். மருந்து சுலபம். சிற்றிக் அமிலத் தூள் கரைத்து ஊறவிடலாம், சின்னச் சாமான்களுக்குத் தேசிக்காய்ப் புளியே போதும். சூட்டை 60 பாகைக்குக் கீழே வைத்தால் படிவு குறையும். ரேடியேற்றருக்குக் கிணற்று நீர் விடாமல் மழைநீரைப் பிடித்து விடும் பழைய டிரைவர்மார் இருந்தார்கள், அவர்கள் செய்தது சரியான வேலை. இன்று அதற்கென்று கூலன்ற் வாங்கலாம்.

எந்தக் கிணற்றிலும் தாங்கியை நிரப்பலாமா? கூடாது. உப்பேறிய கிணறுகள் இருக்கின்றன. தோட்டத்து உரத்தின் நைத்திரேற் இறங்கிய கிணறுகள் இருக்கின்றன. சுண்ணாகம் மின்நிலையச் சுற்றாடலில் தொடங்கிய கழிவெண்ணெய்ப் பிரச்சினை எங்கள் பக்கத்துக் கிணறுகளையும் பயத்தில் ஆழ்த்தியது மறந்துபோகவில்லை. குளிக்க ஒரு தாங்கி, குடிக்கத் தனிப் போத்தல் என்று பிரித்துக்கொள்வது இந்த ஊருக்குப் பொருத்தம்.

தண்ணீர்ப் பக்கத்தில் கோளாறு காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் பம்பின் சத்தம். எல்லாக் குழாயும் பூட்டியிருக்க, நடு இரவில் பம்ப் ஒரு விநாடி ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது. அல்லது பம்புக்குள் இருக்கும் பின்வாங்கா வால்வில் தூசி. கட்டிலின் கீழே கையை விட்டுத் தடவுங்கள், ஈரம் இல்லையென்றால் பம்பைக் கழற்றி வலையைக் கழுவுங்கள். பம்ப் நிற்காமல் ஓடித் தண்ணீர் வராவிட்டால் தாங்கி வெறுமை, அல்லது உறிஞ்சும் பக்கத்துக் கிளிப் தளர்ந்து காற்றை இழுக்கிறது. பம்புக்கு முன்னால் உள்ள வெடிப்பு ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும் என்பதால் பலர் அதைக் கண்டுபிடிப்பதில்லை. குளிர்நாடுகளில் இருப்பவர்கள் மாரிக்கு முன்பு குழாய் முழுவதையும் வடித்து, நஞ்சில்லாத புரொப்பிலீன் கிளைக்கோல் திரவம் ஏற்றி விடுகிறார்கள். இல்லாவிட்டால் பனியில் குழாய் பிளக்கும். இங்கே குழாயை அழிப்பது வெயில்.

இனி காஸ். முன்னே சொல்லி நிறுத்திய மற்றப் பழக்கம் இங்கேதான் தலைகாட்டும். தடைக்காலம் எங்களுக்குச் சமாளிக்கக் கற்றுத் தந்தது. இறப்பர் ரியூபை வெட்டிக் குழாய்க்குச் சுற்றுவது, நட் இல்லாத இடத்தில் கம்பி முறுக்குவது, பியூஸ் போன இடத்தில் வெள்ளித்தாள் வைப்பது. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. அதனால் எஞ்சின்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் ஓரமாக வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போக வைத்தது. பெயாரிங் தேய்ந்தது, பிஸ்ரன் வளையம் போனது. ஓடியது உண்மை, நலமாக ஓடவில்லை என்பதும் உண்மை. அந்தச் சமாளிப்பை ஒரு வீரக்கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். காருக்குள் அது வண்டியின் ஆயுளைத் தின்றது. காஸ் குழாயில் அது ஆளையே தின்னும்.

சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. புரோப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டுக் குசினியில் கசிந்தால் கதவடியால் வெளியேற ஓரளவு வழி உண்டு. வானுக்குள் அது தரையில், கட்டிலின் கீழே, பற்றரிப் பெட்டிக்குள் குளம்போலத் தேங்கும். அங்கே ஒரு ரிலே பொறி விட்டால் போதும். ஆகவே சிலிண்டர் நிற்கும் பெட்டி வானின் உள்ளறையில் இருந்து முழுவதும் அடைபட்டு, அடித்தட்டில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். அந்தத் துளையைத் தூசி வருகிறது என்று துணி வைத்து அடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலங்கையில் 2021 இன் கடைசி மாதங்களில் வீடு வீடாக அடுப்புகள் வெடித்தபோது சிலிண்டருக்குள் இருக்கும் கலவை விகிதம் பற்றி நாடே பேசியது. மணமூட்டும் பொருள் போதுமா என்று கேட்டது. குழாயையும் ரெகுலேற்றரையும் கிளிப்பையும் அப்போதுதான் பல வீடுகள் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தன. ஜெர்மனியில் கேம்பர் வானின் காஸ் இணைப்புகளை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் பரிசோதித்துப் பத்திரம் கொடுக்கிறார். இங்கே அப்படி ஒருவரைத் தேடினால் கிடைப்பதரிது. சவர்க்கார நுரையைச் சந்திகளில் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நீங்களே செய்யக்கூடியது. நெருப்புக் குச்சியால் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் உங்கள் வானை விடாதீர்கள். அடுப்பில் நீலச் சுவாலை மஞ்சளாக மாறினால் காற்றோட்டம் போதவில்லை. மணமில்லாத காபனோரொட்சைட் சேரும் வழி அது. கண்ணாடி இரண்டு விரல் திறந்திருக்கட்டும்.

பிரிட்ஜ் பற்றிக் குறுக்கமாக. காஸிலும் மின்னிலும் ஓடும் உறிஞ்சுவகைப் பிரிட்ஜ் 1922 இல் சுவீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. அசையும் பாகம் ஒன்றும் கிடையாது. அமோனியா புவியீர்ப்பால் வழிந்து சுற்றுவதால் வான் சரிவில் நின்றால் அது வேலை செய்யாது, தொடர்ந்து சரிந்தே நின்றால் கெட்டும் போகும். “பிரிட்ஜ் குளிர்வதில்லை” என்ற முறைப்பாட்டுக்கு முதல் விடை, வானைச் சமமாக நிறுத்திப் பார்ப்பதுதான். அடுத்தது பின்பக்கக் காற்றோட்டம். எங்கள் ஏப்ரில் வெயிலில் இந்த வகை தோற்றுப்போகும். 12 வோல்ற் கம்பிரசர் பிரிட்ஜ்தான் இந்த மண்ணுக்குச் சரி. விலை கூட, ஆனாலும் அதைத்தான் நான் சொல்வேன்.

எஞ்சின் பக்கம் நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹயேஸ் டீசல் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் ரயர் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கேம்பர் வானின் ரயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகிறது. பூ நன்றாக இருக்கிறதே என்று பார்க்கக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. அதோடு தண்ணீர், பற்றரி, கட்டில், சிலிண்டர் எல்லாம் ஏற்றிய வானை ஒருமுறை நிறுவைப் பாலத்தில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். ஆசனம் கழற்றியதால் பாரம் குறைந்திருக்கும் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கும். கூரையில் சோலார் பூட்டத் துளைத்த இடங்கள் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுகும். கடற்கரையில் நின்ற வானின் அடித்தட்டை நன்னீரால் கழுவாவிட்டால் உப்பு தின்னும். இவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, செய்யத்தான் ஆளில்லை.

ஆளில்லை என்பதுதான் கடைசிச் சிக்கல். கேம்பர் வானுக்கு ஒரு கோளாறு வந்தால் எஞ்சின்காரர் வயரிங்காரரிடம் அனுப்புகிறார். அவர் பிரிட்ஜ்காரரிடம் அனுப்புகிறார். காஸ்காரர் என்று ஒருவர் தனியாக இல்லவே இல்லை. ஒவ்வொருவரும் தன் பகுதியில் கெட்டிக்காரர். ஆனால் பம்ப் ஓடாததற்குக் காரணம் பற்றரி, பற்றரி இறங்கியதற்குக் காரணம் பிரிட்ஜ், பிரிட்ஜ் ஓயாமல் ஓடியதற்குக் காரணம் அடைபட்ட காற்றுத் துளை என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அரிது. மண்ணெண்ணெய்க் காலத்துப் பெரியவர்கள் அப்படிப் போனார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எரிபொருளும் மின்னும் இயந்திரமும் ஒரே வேலையாக இருந்தது. அவர்களுக்கு இப்போது எழுபது வயது. அவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறை கொம்பியூட்டர் ஸ்கானரில் வரும் எண்ணைப் பார்த்துச் சாமானை மாற்றுகிறது. ஸ்கானர் எஞ்சினைத்தான் படிக்கும், கட்டிலுக்குக் கீழே ஓடும் கறுப்பு வயரைப் படிக்காது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜெர்மன் உதவியோடு 2016 இல் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலையும் கற்பிக்கிறார்கள். இவற்றில் ஏதாவது ஒன்று 12 வோல்ற் மின், காஸ், தண்ணீர் மூன்றையும் சேர்த்து ஒரு சிறு பாடநெறி தொடங்க வேண்டும். அது கேம்பர் வானுக்கு மட்டும் உதவாது. 2022 இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்ட பின் எங்கள் வீடுகளின் கூரையிலும் சோலாரும் இன்வேற்றரும் ஏறிவிட்டன. மீன்பிடிப் படகிலும் நடமாடும் மருத்துவ வண்டியிலும் இதே சாமான்கள்தான். அந்தப் பாடநெறிக்கு முதல் வகுப்பு எடுக்க எழுபது வயதுப் பெரியவர்களை இப்போதே கூப்பிடுங்கள், அவர்கள் சொல்வதை வீடியோவாகவாவது எடுத்து வையுங்கள்.

அதுவரை வான் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு மல்ற்றிமீற்றர் வாங்குங்கள். ஒரு கொப்பியில் எந்தத் திகதியில் எந்த வயரைத் தொட்டீர்கள், எந்தச் சாமானைப் பூட்டினீர்கள் என்று எழுதுங்கள். இன்றைக்கே சிலிண்டர்ப் பெட்டியைத் திறந்து காஸ் குழாயில் அச்சடித்திருக்கும் திகதியைப் பாருங்கள். அது முடிந்திருந்தால் குழாயை மாற்றாமல் வானை எடுக்காதீர்கள்.